மாமா கையை எடுத்த நாள்

என் மாமனாரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்டு என் வாயைக் கிளற வேண்டாம். ஆனால் எழுத வேறு ஆளும் இல்லை. மச்சானுக்கு அவன் பிழைப்பே பெரும்பாடு. என் மனைவி இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். மிச்சம் நான்தான்.

மாமா முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவர். நல்ல உயரம். கழுத்து எப்போதும் லேசாக ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது என்பார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருப்பார். தெருவில் நடக்கும்போது எதிரே பஸ் வந்தால், ஓட்டுகிறவரைத் தெரியுமோ தெரியாதோ, உள்ளங்கையை ஒரு சாண் உயர்த்திக் காட்டுவார். அந்த ஆளும் பதிலுக்குக் கையை உயர்த்துவான். எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரே ஒரு விஷயம்தான்.

"விசில் இல்லாம என் வண்டி ஒரு அடி நகர்ந்தது இல்ல மாப்பிள்ள."

கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எடுக்க வேண்டும். இது எல்லா டிரைவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமா இதில் ஒரு பைத்தியம். ஒரு நாள் கண்டக்டர் ஒரு நிறுத்தத்தில் ஒற்றை விசில் கொடுத்துவிட்டு, பின்படியில் ஒரு கிழவியின் மூட்டைகளை இறக்கப் போனவர் அங்கேயே யாரோடோ தகராறில் மாட்டிக்கொண்டார். பஸ் முழுக்க ஜனங்கள் "எடுய்யா, எடுய்யா" என்று கத்தியிருக்கிறார்கள். ஒருவன் கிட்டே வந்து இவர் தோளைப் பிடித்தே உலுக்கியிருக்கிறான். கால் மணி நேரம் இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அசையவில்லை.

"ஏன் மாமா, கண்ணாடியில பாத்து எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அது எப்படி? பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. யாரு படியில தொங்குறாங்க, எந்தக் கொழந்த ஏறுதுன்னு பாக்கறது அவன். அவன் கண்ணு, என் காலு. பாக்கறவன் சொல்லணும், ஓட்டறவன் கேக்கணும். அவ்வளவுதான்."

அன்றைக்கு நான் சிரித்தேன். நல்ல மனுஷன், கொஞ்சம் மக்கு என்று நினைத்துக்கொண்டேன். யார் மக்கு என்பது போகப் போகத் தெரியும்.

மாமியார் போன பிறகு அவர் எங்களோடு வந்து சேர்ந்தார். ஒரு பெட்டி, ஒரு முழங்கால் வலி, இரண்டும்தான் கூட வந்தன. மகன் வீடு வேறு ஊரில். இரண்டே அறை, அதில் ஐந்து பேர். அங்கே இடம் இல்லை என்பதால்தான் மகள் வீட்டுக்கு வந்தார், அதை அவர் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவுவார். நான் ஹாலுக்குள் வந்தால் டி.வி.யை அணைத்துவிடுவார். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் ஓடிப்போய் நிறுத்துவார். "இதே ஒரு வேலையாப் போச்சு மாமா உங்களுக்கு" என்று நான் கடிப்பேன். என் வாய் அப்படி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்கு 'பட்டாசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். நாள் முழுக்கச் சாம்பல் நிறப் படங்கள். கை, கால், நெஞ்சு, முதுகு. படம் எடுத்து முடித்ததும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "சார், எலும்பு உடைஞ்சிருக்கா?" எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "எடுக்கறது என் வேலை. படிக்கறது டாக்டர் வேலை." பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை கூட நான் ஒரு படத்தைப் பார்த்து வாயைத் திறந்ததில்லை. இதில் எனக்கு ஏகப்பட்ட திமிர்.

நான் கோபப்படாத ஒரே இடம் என் மீன் தொட்டி. நாலடி நீளத் தொட்டி. அதில் ஒன்பது தங்கமீன்கள், ஆறு வருஷமாக வளர்த்தது. எல்லாம் உள்ளங்கை அளவு. அந்தத் தொட்டிக்கு ஒன்பது அதிகம்தான், கடைக்காரர் அப்போதே சொன்னார், "சார், கூட்டம் ஜாஸ்தி. காத்துப் பம்ப்பு மட்டும் நிக்காம பாத்துக்கங்க." நான்தான் எதையும் கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்தேன்.

மாமா வந்த மூன்றாவது மாதம் என்னிடம் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லீவு கேட்க வந்தவர் போல.

"மாப்பிள்ள, நீங்க ரெண்டு பேரும் காலையில போனா அஞ்சு மணி ஆகுது. எனக்குப் பொழுது போகல. அந்த மீனுங்களுக்கு மத்தியானம் சாப்பாடு போடற வேலையையாவது எங்கிட்ட விடுங்களேன்."

விட்டேன். மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்தது போல ஆகிவிட்டது. எந்த மீன் எப்போது சாப்பிடுகிறது, எது எதைத் துரத்துகிறது, எல்லாம் சாயந்திரம் எனக்கு ரிப்போர்ட் வரும். நெற்றியில் கறுப்புத் திட்டு உள்ள ஒன்றுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். தொட்டிக்குள் மேலும் கீழும் போய் எல்லாரையும் இடித்துக்கொண்டே இருக்குமாம். அது அவர் விரல் நுனியிலிருந்தே தீனியை வாங்கிச் சாப்பிட்டது. ஆறு வருஷத்தில் என் விரலுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு ஒரே மாதத்தில் இரண்டு மீன் செத்தன. கிழவர் அளவில்லாமல் போடுகிறார், பிஸ்கட்டையும் தூளாக்கிப் போடுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். கேட்டால் "இல்லீங்களே மாப்பிள்ள" என்றார். நான் நம்பவில்லை. கம்பியில்லாத ஒரு சின்னக் கேமரா வாங்கி வந்து, தொட்டிக்கு எதிரே அலமாரி மேல் வைத்தேன். உள்ளேயே பேட்டரி உண்டு. இன்டர்நெட் மோடத்துக்கும் தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கி மாட்டினேன், எந்த நேரமும் படம் நிற்கக் கூடாது என்று. ஆஸ்பத்திரியிலிருந்து போனிலேயே பார்க்கலாம். ஒரு பட்டனை அழுத்திப் பேசினால் என் குரல் இங்கே ஹாலில் கேட்கும். ஒரு வாரத்துப் பதிவு அதன் கார்டில் இருக்கும்.

"எதுக்கு மாப்பிள்ள இது?" என்று கேட்டார்.

"மீனைப் பாக்கத்தான் மாமா. வேலைக்கு நடுவுல ஒரு தடவை பாத்தா மனசுக்கு நல்லா இருக்கும்."

பொய். அது மீனைப் பார்க்க வைத்தது இல்லை. அவரைப் பார்க்க வைத்தது. தொட்டி பாதிதான் படத்தில் விழுந்தது. அவர் உட்காரும் நாற்காலி முழுசாக விழுந்தது. அவர் அந்தப் பொய்யை அப்படியே நம்பி, நான் ஏறி நின்ற ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் இங்க பேசினா உங்களுக்குக் கேக்குமா?"

"நல்லாவே கேக்கும் மாமா."

இதுவும் பாதிப் பொய்தான். கேட்கும், ஆனால் எக்ஸ்ரே அறையில் சத்தம் வரக் கூடாது என்று நான் என் போனில் அதை ஊமையாக்கி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் நான் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மாமா வருவார். கேமராவை நிமிர்ந்து பார்த்து, எதிரே வருகிற பஸ்ஸுக்குக் காட்டுவது போல உள்ளங்கையை உயர்த்துவார். பிறகு தீனி டப்பாவைத் திறந்து சின்ன ஸ்பூனால் அளந்து போடுவார். அளவு சரியாகத்தான் இருந்தது. வாய் ஏதோ அசையும், மீனோடு பேசுகிறார் போல என்று விட்டுவிடுவேன். தப்பு கண்டுபிடிக்க வைத்த கேமராவில் தப்பே அகப்படவில்லை என்பது எனக்குள் ஒரு கடுப்பாகவே இருந்தது. நல்லவராக இருக்கிறாரே என்று ஒருவர் மேல் கோபப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டேகால். வராந்தாவில் பதினாலு பேர் வரிசையில் இருந்தார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே போனைத் திறந்தேன். படம் நிறமில்லாமல் சாம்பலாக இருந்தது. வெளிச்சம் குறைந்தால் அந்தக் கேமரா தானாகவே அப்படி மாறிவிடும். தொட்டி லைட் எரியவில்லை. 'பகல்ல எதுக்கு லைட்டுன்னு அணைச்சுட்டார் மனுஷன்' என்று எனக்கு அப்போதே ஏறிவிட்டது.

அடுத்துப் பார்த்தால், மாமா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு டம்ளரால் தண்ணீரை மொள்கிறார். தலைக்கு மேல் தூக்குகிறார். ஊற்றுகிறார். திரும்ப மொள்கிறார், தூக்குகிறார், ஊற்றுகிறார். குளிக்க விட்ட குழந்தை மாதிரி. தரையெல்லாம் தண்ணீர்.

இதோ, இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். பட்டனை அழுத்தினேன்.

"மாமா! என்ன பண்றீங்க? சின்னக் கொழந்தையா நீங்க? கையை எடுங்க! மொதல்ல தொட்டியிலருந்து கையை எடுங்க! நான் சொல்ற வரைக்கும் அது பக்கம் போகக் கூடாது!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மா பயந்து எழுந்தே நின்றுவிட்டார். போனில், மாமா தூக்கிவாரிப்போட்டுக் கையை இழுத்துக்கொண்டது தெரிந்தது. டம்ளர் கீழே விழுந்தது. போதும் என்று மூடிவிட்டு, "அடுத்து யாரு?" என்றேன்.

சற்று நேரத்தில் 'மாமா' என்று போன் அதிர்ந்தது. சமாதானம் சொல்ல வருகிறார் என்று கட் செய்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி கட் செய்தேன். அன்றைக்கு ஐம்பது படம் எடுத்தேன். எல்லாரிடமும் அதே பதிலைச் சொன்னேன், எடுக்கறது என் வேலை, படிக்கறது டாக்டர் வேலை என்று.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தொட்டி லைட் எரிந்துகொண்டிருந்தது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஆறு மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. கண்டக்டர் மட்டும் ஒரு மூலையில் துடுப்பை மெதுவாக அசைத்துக்கொண்டு நின்றது. மாமா ஹாலின் அந்தக் கோடியில், சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் தொடை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். "ஆறு வருஷம் வளர்த்தேன், ஆறு மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே" என்றது ஒன்று. "சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு" என்றது ஒன்று. மற்றவை இதைவிட மோசம். என் மனைவி வேலையிலிருந்து வந்தாள், தொட்டியைப் பார்த்தாள், நான் சொன்னதைக் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்?" என்றாள், பாதி அழுகையோடு.

"தப்புதாம்மா," என்றார் மாமா. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மாமா மகனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொன்னார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றார். அந்த இரண்டு அறையில் இவர் எங்கே படுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும், சமையலறை வாசலில்தான். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், நான் 'இருக்கட்டும்' என்று சொல்வேனா என்று. நான் பேப்பரை விரித்து மூஞ்சியை மறைத்துக்கொண்டேன். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை மாலை படியேறும்போது எதிர் வீட்டுத் தையல்காரம்மா என்னை நிறுத்தினார்.

"தம்பி, மீனெல்லாம் செத்துப்போச்சாமே? நெனச்சேன். புதன்கிழமை அவ்வளவு நேரம் கரண்ட் இல்லையே."

"என்னைக்கு?"

"புதன்கிழமைதான். காலையில பதினொண்ணுலருந்து ரெண்டரை வரைக்கும். தெரு முழுக்கப் போச்சு. என் மெஷின் ஓடல, ஒரு யூனிபார்ம் கூட முடிக்க முடியல. உங்க மாமா வந்து கதவைத் தட்டி, பேட்டரியில ஓடற பம்ப்பு ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. எங்கிட்ட ஏது? பாவம், அந்த முட்டிய வெச்சுக்கிட்டு மாடி மாடியாக் கேட்டுட்டு வந்தாரு."

ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் அடுத்த நொடியே ஜெனரேட்டர் வந்துவிடும். எனக்குத் தெரியவே இல்லை. கேமராவும் மோடமும் பேட்டரியில் ஓடின, அதனால் எனக்குப் படம் வந்தது. அந்தப் பேட்டரியைப் பம்ப்புக்கு மாட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மீனுக்கு மூச்சு நிற்கலாம், எனக்கு வேவு பார்ப்பது நிற்கக் கூடாது. பம்ப் நின்றுவிட்டால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் காற்று கலந்து மீன் பிழைக்கும். மீன் வளர்க்கிற எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நானே ஒரு தடவை செய்திருக்கிறேன், மாமா முன்னால்.

படியிலேயே உட்கார்ந்து புதன்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தேன். முதல் தடவையாகச் சத்தத்தைத் திறந்தேன்.

மாமா ஊற்றிக்கொண்டிருக்கிறார். "இரு, இரு, வந்துடும். இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்று மீன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது அவருக்கு. பிறகு என் குரல். கடவுளே, என் குரல் அப்படியா இருக்கிறது! டம்ளர் விழுந்து உருள்கிற சத்தம். மாமா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராக நிமிர்ந்து பார்க்கிறார்.

"மாப்பிள்ள, கரண்ட் இல்ல. பம்ப்பு நின்னுடுச்சு. அதுங்களுக்கு மூச்சு முட்டுது. ஊத்தினா கொஞ்சம் தாங்குது. ஊத்தட்டுமா?"

நிற்கிறார்.

"கேக்குதா மாப்பிள்ள? நீங்க சொன்னா ஊத்துறேன்."

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காதில் வைக்கிறார். எடுத்துப் பார்க்கிறார், மறுபடி வைக்கிறார். "வேலையா இருக்காரு போல," என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை முன்னால் நீட்டி, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அவர் ஒரு தடவை அதைப் பார்க்கிறார், ஒரு தடவை என்னைப் பார்க்கிறார். பதினோரு நிமிஷம். நான் ஒற்றை விசில் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்த பதினோரு நிமிஷம்.

பிறகு எழுந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிகவும் சின்னக் குரலில், "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ள," என்றார். தொட்டிக்குள் சின்ன வலையை விட்டு ஒரு மீனை எடுத்து, சட்டையோடு அணைத்துக்கொண்டு, படத்துக்கு வெளியே நொண்டிக்கொண்டு ஓடினார். அந்த முட்டியோடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் படத்தில் காலி நாற்காலி. தொட்டி. ஒவ்வொன்றாகச் சாய்கிற மீன்கள். பாத்ரூமிலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கெட்டில் மக்கால் மொண்டு ஊற்றுகிற சத்தம். மொள்கிறது, ஊற்றுகிறது. இரண்டு மணி நேரம், நடுவில் நிற்கவே இல்லை. நான் தள்ளிவிடாமல் முழுசாகக் கேட்டேன். படியில் போய் வந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மற்ற நாட்களின் பதிவையும் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். தினமும் பன்னிரண்டு மணிக்குக் கையை உயர்த்திவிட்டு அவர் என்னோடுதான் பேசியிருக்கிறார். "மாப்பிள்ள, கண்டக்டர் இன்னைக்கு நல்லா சாப்புட்டான்." "மாப்பிள்ள, நீங்க சாப்புட்டீங்களா?" "வெய்யில் ஜாஸ்தியா இருக்கு, வரும்போது பாத்து வாங்க." நான் ஊமையாக்கி வைத்திருந்த போனில் அந்த வாய் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது.

அன்றைக்கே உள்ளே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சாப்பிட்டேன், தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாது, கார்டில் இன்னும் நாலு நாளில் தானாக அழிந்துவிடும் என்று கூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்துவிட்டான். மாமாவின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. என் மனைவி அதில் கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். புதன்கிழமை போட்டிருந்த சட்டை. துவைத்தும் நெஞ்சுப் பக்கம் பாசிக் கறை போகவில்லை. அதைப் பார்த்ததும் பாக்கெட்டில் கையை விட்டேன். போனை மேசை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, பதிவை ஓடவிட்டேன்.

"மாமா! என்ன பண்றீங்க? சின்னக் கொழந்தையா நீங்க? கையை எடுங்க!"

மச்சான் திடுக்கிட்டு, "யாரு இது, எங்கப்பாவை இப்படிப் பேசறது?" என்றான்.

"நான்தான்."

முழுசாக ஓடியது. ஊத்தட்டுமா, கேக்குதா மாப்பிள்ள, எல்லாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கரண்ட் இல்லைன்னு எனக்குத் தெரியாது. மாமா பேசினது எனக்குக் கேக்கவே இல்ல, நான் சத்தத்தை மூடி வெச்சிருந்தேன். கேமரா வெச்சது மீனைப் பாக்க இல்ல, மாமாவைப் பாக்க. அவர் எதையும் கொல்லல. நான்தான் கொன்னேன்," என்றேன். என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ முன்பின் தெரியாதவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மாமா எழுந்து வந்து, பாத்ரூம் சத்தம் ஓடிக்கொண்டிருந்த போனைக் கையால் மூடினார். அவர் முகத்தில்தான் குற்றம் செய்தவன் களை இருந்தது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் மாப்பிள்ள. அந்த ஒண்ணை உங்களைக் கேக்காம எடுத்துட்டேன். கையை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். ஆனா அவன் என் கையில சாப்புடறவன், மனசு கேக்கல. தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மாமா, அப்படிச் சொல்லாதீங்க..."

"மத்ததையும் எடுத்திருப்பேன். ஆனா நீங்கதான் பாத்துட்டு இருக்கீங்களே. எனக்குத் தெரியாதது ஏதோ உங்களுக்குத் தெரியுது, அதனாலதான் வேணாங்கறீங்கன்னு நெனச்சேன்."

மச்சான் வெளியே போய் நின்றுகொண்டான். நான் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பெரிய கைகள், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள். "போகாதீங்க மாமா. இங்கேயே இருங்க," என்றேன். அவர் மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க மாப்பிள்ள. நீங்க சொன்னா இருக்கேன்."

அவர் இருக்க விரும்பி இருந்தாரா, நான் சொன்னதற்காக இருந்தாரா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

கேமராவை அன்றைக்கே கழற்றினேன். பேட்டரிப் பெட்டி இப்போது பம்ப்போடு இருக்கிறது. தொட்டியில் கண்டக்டர் மட்டும்தான். வேறு மீன் வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு மாமா, "உங்க இஷ்டம் மாப்பிள்ள," என்றார். நான் வாங்கவில்லை.

தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் வருகிறது. எக்ஸ்ரே அறைக்குள் போனைச் சத்தத்தோடுதான் வைத்திருக்கிறேன், யார் என்ன சொன்னாலும் சரி. வரிசையில் இருப்பவர்களைக் காக்க வைத்துவிட்டு எடுப்பேன்.

"மாப்பிள்ள, மீனுக்குச் சாப்பாடு போடலாமா?"

"என்னைக் கேக்க வேண்டாம் மாமா, அது உங்க மீனு, நீங்களே போடுங்க," என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "சரிங்க மாப்பிள்ள," என்பார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன் வரும்.